கவுண்டி மட்டும்தான்

அமெரிக்காவில் இந்தக் கேட்டி ஊருக்கு நாங்கள் குடிவந்த புதிதில், கவுண்டி, அதாவது மாவட்டத் தேர்தல் என்று ஒன்று நடப்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நாலு கமிஷனர்கள், அவர்களுக்குத் தலைவராக ஒரு கவுண்டி ஜட்ஜ். ஜட்ஜ் என்று பெயர்தான் பெத்த பெயர், எங்கள் கவுண்டியில் அவருக்கும் ரோடு, பாலம், மழைத்தண்ணீர் வடிகால் என்று அதே கவலைகள்தான். வருஷம் முழுக்க யாரும் இவர்களை நினைப்பதில்லை. பெருமழை பெய்து தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற பிறகுதான் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கேட்பார், "யாருப்பா நம்ம கமிஷனர்?"

என் வீட்டுக்காரர் அப்படியில்லை. ராமநாதபுரத்துப் பக்கம் ஊர். காலேஜில் படிக்கும்போதே பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவர். எந்தத் தெருவில் யார் எந்தக் கட்சி, யார் வெளிநாட்டுக்குப் போய்விட்டார், யாருக்கு ஆட்டோ அனுப்ப வேண்டும், எல்லாம் விரல் நுனியில் இருக்கும். எண்ணெய்க் கம்பெனி வேலை அவரைக் கத்தாருக்கும் அங்கோலாவுக்கும் துரத்திக்கொண்டே இருந்ததால், அமெரிக்கக் குடியுரிமைக்கு வேண்டிய வருஷக் கணக்கு அவருக்கு மட்டும் திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது. நான் ஆஸ்பத்திரி மருந்தகத்தை விட்டு நகராதவள், எனக்கு முதலில் கிடைத்துவிட்டது. அவர் கிரீன் கார்டிலேயே இருந்தார். அது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை.

அந்த வருஷம் எங்கள் பகுதிக்கு 'நம்ம ஆள்' ஒருவர் கமிஷனராக நின்றார். ஊரில் இருந்தால் பக்கத்துத் தெருக்காரனைக்கூட நம்ம ஆள் என்று சொல்லமாட்டார் என் வீட்டுக்காரர். இங்கே நிறம் ஒத்துப்போனால் போதும். கம்பெனியிலிருந்து வந்த கையோடு ஷூவைக்கூட மாற்றாமல் வீடு வீடாகப் போனார். புல்வெளியில் போர்டு நட்டார். ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்களை மடக்கி நோட்டீஸ் கொடுத்தார். ஓட்டுப் போடுவதைத் தவிர இதெல்லாம் கிரீன் கார்டுக்காரர் செய்யலாம், சட்டத்தில் தடையில்லை. நானும் கேலி செய்துகொண்டு விட்டுவிட்டேன்.

முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாட்களில் ஒரு நாள், நூலகத்து வாசலில் எடுத்த போட்டோ ஒன்றை அனுப்பினார். வேட்பாளர் அவர் தோளில் கை போட்டிருக்கிறார். இவர் சட்டையில் 'நான் ஓட்டுப் போட்டேன்' என்ற வட்ட ஸ்டிக்கர். வாய் காதுவரை இருக்கிறது. நோட்டீஸ் கொடுக்க நின்றவருக்கு யாரோ ஸ்டிக்கரையும் ஒட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நம்ம ஆள் ஜெயித்தார். எங்கள் வீட்டில் பிரியாணி.

அதற்குப் பிறகு மெல்ல அவருக்கும் வருஷங்கள் சேர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட மேஜையைத் துடைத்துவிட்டுக் குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். நான் கேள்வியைப் படிப்பேன், அவர் பதில் சொல்வார். அந்தக் கேள்விகளைப் படித்தால் யாருக்கும் சிரிப்பு வரும். நீங்கள் சிறைக்காவலராக இருந்ததுண்டா, கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததுண்டா, குடிகாரரா. ஒவ்வொன்றுக்கும் "இல்லவே இல்ல, யுவர் ஹானர்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நடித்தார். எங்கள் மகள் சோபாவில் புரண்டு சிரித்தாள்.

அடுத்த கேள்வியையும் அதே சிரிப்போடுதான் படித்தேன். அமெரிக்காவில் ஏதாவது தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறீர்களா?

"கவுண்டி மட்டும்தான்," என்றார்.

"வெளையாடாதீங்க மச்சான்."

"வெளையாடல புள்ள. அன்னிக்கு லைப்ரரில போட்டேனே. ஸ்க்ரீன்ல மொதல்ல பிரசிடெண்ட் வந்துச்சு, செனட் வந்துச்சு. எதையும் தொடல. நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு தள்ளிவிட்டுட்டேன். அது சிட்டிசனுக்கு உள்ளது. கமிஷனர் வந்ததும் அத மட்டும் அமுக்கிட்டு வந்துட்டேன். ப்ராபர்ட்டி டாக்ஸ் கட்டுறோம், நம்ம வீட்டு வாசல் தண்ணி. நம்ம ஊர் பஞ்சாயத்து எலெக்‌ஷன் மாதிரிதானே?"

எவ்வளவு நேர்மையாகத் தப்பு செய்திருக்கிறார் பாருங்கள். ஜனாதிபதியைத் தொடாமல் விட்டதைப் பெருமையாக வேறு சொன்னார். வாக்காளர் லிஸ்டில் பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் ஓட்டர் ரெஜிஸ்ட்ரேஷனும் வேண்டுமா என்றார்களாம், சரி என்றாராம். சிட்டிசனா என்ற கட்டத்தில் டிக் அடித்தாரா என்றால், ஞாபகமில்லை. காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நியூஜெர்சியில் ஒரு குடியேற்ற வக்கீல் அம்மாளைப் பிடித்தோம், தமிழர். போனில் முழுவதையும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "லோக்கல் எலெக்‌ஷனும் அந்தக் கேள்வியிலயே இருக்கு சார். சிட்டிசன்னு டிக் பண்ணியிருந்தா இன்னும் மோசம். டிப்போர்ட் பண்ணவே சட்டத்துல எடமிருக்கு. இப்ப அப்ளை பண்ணாதீங்க. வெளிநாட்டுக்கும் போகாதீங்க, திரும்பி வர்றப்போ ஏர்போர்ட்ல என்ன கேப்பாங்கன்னு சொல்ல முடியாது," என்றார். லிஸ்டிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னார், எடுத்தோம். போட்ட ஓட்டை எடுக்க வழியில்லை.

அதிலிருந்து வீட்டின் காற்றே மாறிவிட்டது. காலிங் பெல் அடித்தால் அவர் முதலில் மாடி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பார். வெளிநாட்டு வேலைகளுக்கெல்லாம் முதுகுவலி என்று சாக்குச் சொன்னார். அவருடைய உம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில், "எப்போப்பா வருவே?" என்று கேட்பார். இவர், "வர்றேன் உம்மா, லீவு கெடைக்கல," என்பார். எனக்கு அவர்மேல் பொல்லாத கோபம். பாவமாகவும் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வரும்போது தட்டைத் தூக்கிச் சிங்க்கில் போடுவேன்.

எதிர்வீட்டில் ஒரு அங்கிள் இருக்கிறார். சென்னைக்காரர், ரிட்டையர் ஆனவர், எங்கள் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். விண்ணப்பம் போடப்போகிறோம் என்று என் வீட்டுக்காரர் முன்பு எப்போதோ அவரிடம் உளறியிருக்கிறார். அதனால் பார்க்கும்போதெல்லாம், "என்ன தம்பி, சிட்டிசன் உறுதிமொழி எப்போ? பார்ட்டி எப்போ?" என்பார். "பேக்லாக் அங்கிள்," என்று இவர் சிரித்துச் சமாளிப்பார்.

போன தேர்தலில் நம்ம ஆள் மறுபடி நின்றார். எதிர்த்து நின்றவர், சிட்டிசன் அல்லாதவர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், ஜெயித்தால் லிஸ்ட்டைச் சலித்து ஒவ்வொருவராகப் பிடிப்பேன் என்று மேடைக்கு மேடை பேசினார். கவுண்டி கமிஷனருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அங்கிள் இந்த எதிர் வேட்பாளரின் ஆள். எதிர்வீட்டுப் புல்லில் அவருடைய போர்டு எங்கள் ஜன்னலைப் பார்த்தபடி நின்றது.

அக்டோபரில் ஒரு சாயந்திரம், மகள் தபால்பெட்டியிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தாள். "வாப்பா, யூ ஆர் ஃபேமஸ்!" பளபளவென்று ஒரு பிரச்சாரத் தாள். நம்ம ஆள் அச்சடித்து அனுப்பியது. முன்பக்கம் முழுக்க என் வீட்டுக்காரர். நூலக வாசல், தோளில் கை, சட்டையில் ஸ்டிக்கர், காதுவரை வாய். 'எங்கள் வாக்காளர்கள், எங்கள் அக்கம்பக்கம்' என்று கொட்டை எழுத்து. ஊரில் போஸ்டரில் தன் முகம் வர வேண்டும் என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டவர்தான். தாளை வாங்கிப் பார்த்தவர் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். மகள் அதை ஃபிரிட்ஜில் ஒட்டினாள். நான் கிழித்தேன். ஏன் என்று கேட்டு அழுதாள். எங்கள் வீட்டில் கிழித்து என்ன பயன்? பகுதி முழுக்க ஒவ்வொரு தபால்பெட்டியிலும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஓட்டுப் போட நான் தனியாகப் போனேன். அதே நூலகம். திரையில் கமிஷனர் பெயர்கள் வந்தபோது கை நின்றுவிட்டது. ஒருவர் என் புருஷனைப் படம் போட்டு ஊரெல்லாம் காட்டியவர், மற்றவர் அந்தப் படத்தில் இருப்பவரைப் போன்றவர்களைத் தேடுகிறவர். பல்லைக் கடித்துக்கொண்டு படம் போட்டவருக்கே அழுத்தினேன். வாசலில் ஸ்டிக்கர் நீட்டினார்கள், வேண்டாம் என்றேன்.

கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, எதிர்க்கட்சி நோட்டீஸோடு அங்கிள் நின்றிருந்தார். கூட அவர் கட்சிக்காரர்கள் இரண்டு மூன்று பேர். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். சட்டைப்பையில் பளபளவென்று ஒரு தாள் நாலாக மடித்து இருந்தது.

"தனியாவா வந்தேம்மா? தம்பி வரல?"

"வேலை அங்கிள்."

"உறுதிமொழி முடிஞ்சிருச்சாம்மா? எங்கிட்ட சொல்லவே இல்லையே. படத்துல பாத்தேன், ஸ்டிக்கரோட ஜம்முனு இருக்காரு. அது எப்போ எடுத்ததும்மா?"

முடிந்தது என்றால் எப்போது என்பார். முடியவில்லை என்றால் சட்டைப்பையில் இருப்பது சாட்சி. நான் சிரித்தேன். கார் சாவியைத் தேடுவதுபோல் கைப்பையைக் குடைந்தேன். அவரும் சிரித்தபடி, அவசரமே இல்லாமல், பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "வர்றேன் அங்கிள்," என்று காரில் ஏறிவிட்டேன். திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். பக்கத்தில் நின்றவருக்கு அந்தத் தாளைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் கதவைத் திறந்ததுமே அவர் ஓடி வந்தார். பழைய பூத் ஏஜெண்ட்டின் முகம், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

"கூட்டம் எப்படி புள்ள? நம்ம ஆளுங்க வந்திருந்தாங்களா?"

"எதிர்வீட்டு அங்கிள் இருந்தார்," என்றேன். "உங்களத்தான் கேட்டார்."

அவர் போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.