லீவர் புள்ளிக்கு நேராகத்தான் இருந்தது

மாரியாயியின் வலது கையை ஒடித்தவன் நான். எஞ்சின் அல்ல, அவளுடைய கவனக்குறைவும் அல்ல... நான்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் தெருவில் கண்டாலும் உங்களுக்கு என்னை அடையாளம் தெரியாது. பாருங்கள், ஒப்புக்கொள்ளும்போதும் எனக்குப் பத்திரமான இடம் தேடுகிறேன்.

இலங்கையில், மாத்தளை நகரத்தில் எனக்கொரு சின்னப் பட்டறை இருந்தது. முஸ்லிம் என்பதால் எல்லோருக்கும் நான் 'நானா', அதாவது அண்ணன். டைனமோ, மெக்னெட்டோ, கொயில் எல்லாம் பழுது பார்ப்பேன். எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்தது. செத்ததை எழுப்பத் தெரிந்தவனுக்குத்தான் பிழைப்பு. எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் திமிரும் இருந்தது.

ஊருக்கு வெளியே ஒரு மிளகு, கொக்கோ தோட்டம். அங்கே ஒரு பழைய படகு எஞ்சின், ஓடையிலிருந்து நாற்றுமேடைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. கடல் காணாத மாத்தளைக்குப் படகு எஞ்சின் எப்படி வந்தது? எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை கொண்டுவந்தாராம். அவர் போய்விட்டார், எஞ்சின் போகவில்லை.

அதை ஓட்டியவள் மாரியாயி. புருஷன் படுக்கையில் விழுந்தபோது அவனுக்குப் பதிலாக நின்றவள். அவன் இறந்த பிறகும், தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையால் அவளை மாற்ற முடியவில்லை. வேறு யாருக்கும் அந்த எஞ்சின் பணியவில்லை.

ஒருமுறை அவள் ஓட்டுவதைப் பார்த்தேன். ஒரு உள்ளங்கை எஞ்சினின் உடம்பில் இருக்கும், மறு கை லீவரில். இறைக்கும் தண்ணீர் கனக்கும்போது லீவரை ஒரு மயிரிழை நகர்த்துவாள். எஞ்சின் திணறுவதற்கு முன்பே நகர்த்துவாள்! தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள், "மாரியாயி எஞ்சினுக்குத் தாலாட்டுப் பாடுறா" என்று கேலி செய்வார்கள். எனக்குக் கேலி வரவில்லை. பொறாமை வந்தது. அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

அந்த எஞ்சினின் டைமரைத்தான் ஒருநாள் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தாள். தேநீர்க் கோப்பை அளவு பித்தளைக் கிண்ணம் அது. உள்ளே ஓர் உருளை சுற்றிவந்து ஒரு செம்புத் துண்டைத் தொடும். தொட்டவுடன் எஞ்சினுக்குள் எரிபொருளைப் பற்றவைக்கும் பொறி விழும். கிண்ணத்தை லீவரால் ஒரு பக்கம் திருப்பினால் பொறி முந்தும், மறு பக்கம் திருப்பினால் பிந்தும். கையால் சுற்றி எஞ்சினைக் கிளப்பும்போது பிந்தியே ஆகவேண்டும். முந்தினால் சக்கரம் எதிர்ப்பக்கம் உதைக்கும். பிடித்திருக்கும் கை என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிண்ணத்தின் விளிம்பில் கீறியிருந்த ஒரு கோட்டை அவள் தொட்டுக் காட்டினாள்.

"நானா, பொறி ஒழுங்கா விழ மாட்டேங்குது. லீவரும் இத்துப் போச்சு. எல்லாத்தையும் பாருங்க, இந்தக் கோட்ட மட்டும் அழிச்சுப்புடாதீங்க. கெளப்புறப்ப இதுக்கு நேராத்தான் வப்பேன்."

"எனக்கே பாடமா மாரியாயி?" என்று சிரித்தேன்.

எத்தனை அழகான பொருள் தெரியுமா அது! செய்தவன் பெயர் தேய்ந்துபோயிருந்தது. திருகாணியின் புரியையும் உட்சுருளின் வளைவையும் பார்த்தே எந்த நாட்டு வேலை என்று அடையாளம் கண்டேன். செம்புத் துண்டை அறுத்துப் பொருத்தினேன். புது லீவர் அடித்து, வேறொரு கோணத்தில் வைத்தேன். கடைசியில் உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தேன். கறுத்த பித்தளை பொன்னாயிற்று. நிமிர்ந்து பார்த்தபோது கோட்டைக் காணவில்லை.

அப்போதாவது நான் கேட்டிருக்கலாம். "எந்தப் பக்கம் சுத்தும் மாரியாயி?" என்ற ஒரே கேள்வி. படகு எஞ்சின்களை இடம் சுற்றுவது ஒன்று, வலம் சுற்றுவது ஒன்று என்று சோடியாகவும் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் கோட்டை அழித்ததைச் சொல்ல வேண்டுமே... நான் கண்டவை எல்லாம் வலப்பக்கம் சுற்றியவை, இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டி, ஒரு புள்ளி குத்திவைத்தேன்.

"கோடு எங்க நானா?"

"அதவிடத் துல்லியமாப் புள்ளி வச்சிருக்கேன். கண்ண மூடிக்கிட்டுக் கெளப்பு."

மறுநாள் தோட்டத்து லொறி என்னை அழைத்துப்போக வந்தது. நான் போய்ச் சேரும்போது மாரியாயி ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக்கொண்டு நேரே எஞ்சின் கொட்டிலுக்குத் திரும்பியிருந்தாள். வலி முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எஞ்சினுக்கு என்னவாயிற்று என்பதுதான் அவளுடைய கவலை.

நான் குனிந்தேன். சக்கரத்தில் அம்புக்குறி வார்த்திருந்தது. இடப்பக்கம்! வலம் சுற்றும் எஞ்சினுக்குப் பொறி பிந்தும் என் புள்ளி, இதற்கு முந்தும் இடம். லீவர் என் புள்ளிக்கு நேராக, இம்மியும் பிசகாமல் இருந்தது. அவள் சரியாகத்தான் வைத்திருந்தாள். அவளால் பிழையாக வைக்கவே முடியாது.

பின்னால் கணக்கப்பிள்ளை நின்றார். "என்ன நானா நடந்துச்சு?"

என் முதுகு அவர்களுக்கு மறைப்பாக இருந்தது. ஒரு விரலால் லீவரைத் தள்ளினேன். பிறகு விலகி நின்று சொன்னேன். "லீவர் புள்ளியில இல்லையே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடிகிறது... சோறு போட்டவனை எல்லோரும் நம்பினால்.

"பொம்பள கைக்கு இது ஆகாதுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் கணக்கப்பிள்ளை.

மாரியாயி அந்த லீவரையே வெகுநேரம் பார்த்தாள். "நேராத்தான் வச்சதா நெனச்சேன் நானா... கண்ணு ஏமாத்திருச்சு போல."

சரிபார்ப்பதாகச் சொல்லி டைமரைக் கழற்றிக்கொண்டு போனேன். புள்ளியைத் தேய்த்துவிட்டு மறுபக்கம் குத்தினேன். அதன் பிறகு அந்த எஞ்சின் யாரையும் உதைத்ததில்லை. என் வேலையை எல்லோரும் மெச்சினார்கள்.

அவள் கை கோணலாகவே சேர்ந்தது. எஞ்சினை ஓர் ஆளிடம் கொடுத்துவிட்டு, அவளைக் கொக்கோ காயவைக்கும் களத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தபடியே சத்தத்தைக் கேட்டு, "பொறி முந்துது, கொஞ்சம் பின்னுக்கு எடு" என்று சொல்லியனுப்புவாளாம். சொன்னது ஒருமுறையும் பிசகவில்லையாம். ஆனால் சொல்லிவிட்டு, "எதுக்கும் நீயே பாத்துக்க, என் கண்ண நம்பாத" என்பாளாம். உலையில் உப்புப் போட்டாளா என்பதையும் மகளிடம் கேட்டுக்கொள்வாளாம். நான் ஒடித்தது கையை மட்டுமா?

எழுபத்தேழில் தமிழரை அடித்த கலவரத்துக்குப் பிறகு, தோட்டத் தொழிலாளரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி அவள் குடும்பத்துக்கும் போகும் நாள் வந்தது. ஸ்டேஷனுக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன், நம்புங்கள். பெட்டிகளுக்கு நடுவே அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"கப்பல்ல எஞ்சின் எங்க இருக்கும் நானா? காட்டச் சொன்னாக் காட்டுவாங்களா?"

"கேட்டுப் பாரு" என்றேன். என் பார்வை அவளுடைய கோணல் கைக்கே போனது. அவள் அதைக் கண்டுகொண்டாள், காரணத்தை மட்டும் தவறாக.

"இன்னுமா அதையே நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? என் அசட்டைக்கு நீங்க என்ன செய்வீங்க. மனசுல வச்சுக்காதீங்க."

நான் தலையாட்டினேன். அவளுடைய ஆறுதலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மனிதருக்குச் செய்த தீங்கை அந்த மனிதர் மன்னிக்காதவரை அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்று கேட்டு வளர்ந்தவன் நான். மாரியாயி என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்க ஏதோ இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது.

உயிரோடு இருந்தால், இன்றைக்கும் எங்கோ ஓர் ஊரில் அந்தக் கோணல் கையைப் பார்த்து யாராவது கேட்டிருப்பார்கள். "என் தப்புதான்" என்று சொல்லியிருப்பாள்.