மீன் சந்தைக்கு எதிராகத் தூக்கிய கை

கிராமச்சபையில் மூன்று முறை அங்கத்தவராக இருந்தேன். கடைசி முறை தலைவர். அதைப் பெருமையாகச் சொல்பவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். சொல்லட்டும். முதல் முறை எப்படி வென்றேன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதை மட்டும் பேசமாட்டார்கள்.

என் வட்டாரத்தில் பாதி வயல், பாதி கடற்கரை. வயல் பக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்கள். கடற்கரையில் கத்தோலிக்க மீனவர்கள். அங்கே என்னை ஒருவருக்கும் தெரியாது. சந்தியில் மீன் விற்ற ஒரு அக்காதான் எனக்காக வீடு வீடாகப் போனார். அவரும் ஏழெட்டுப் பெண்களும் தெருவோரத்தில் சாக்கை விரித்து, வெயிலில் இருந்து விற்பார்கள். பத்து மணிக்கே மீன் பழுதாகத் தொடங்கிவிடும். பிறகு கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு எழும்ப வேண்டியதுதான். கூரையோடு ஒரு மீன் சந்தை கட்டித் தருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் அதை நம்பி எல்லாரிடமும் சொன்னார். கடற்கரைச் சனம் வாக்குப் போட்டுத்தான் வென்றேன்.

சந்தைக்கான பிரேரணையை வேறொரு அங்கத்தவர் கொண்டுவந்தார். வாக்கெடுப்புக்கு முதல் நாளே என் சொந்தக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து குந்திவிட்டார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிற சனம் அந்தச் சந்தியால்தான் நடக்கிறது, விரதகாரர் மீன் நாற்றத்தை மோந்துகொண்டு போவதா என்றார்கள். புளுகு. பொங்கல் வருடத்தில் ஒருமுறை. மற்ற நாட்களில் அங்கே நின்று மீனுக்குப் பேரம் பேசுவது அதே ஆட்கள். தெரிந்தும் மறுநாள் எதிர்த்துக் கை தூக்கினேன். பிரேரணை ஒரு கையால் தோற்றது. அது என் கை.

அக்கா கிராமச்சபைக் கந்தோர் வாசலில் நின்றார். கோயில் கதையை அவரிடமும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை.

"பொங்கலுக்கு அம்மாளின்ர விளக்கு எண்ணெயில்லாமல் எங்கட கடல் தண்ணியிலதானே தம்பி எரியுது. அதுக்கு மணமில்லையோ?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அடுத்த முறை வயல் பக்கத்து வாக்கால் வென்றேன். மூன்றாம் தேர்தலன்று வாக்குச்சாவடிக்குப் போகும் வழியில் எங்கள் ஆட்கள் ஐந்தாறு பேரோடு நின்றபோது அக்கா வந்தார். நன்றாகக் கறுத்து மெலிந்திருந்தார். பழக்கத்தில் கேட்டேன், எனக்குத்தானே என்று.

"ஓம் தம்பி, உமக்குத்தான். மற்ற ஆள் கூரை போடுவன் எண்டு சொல்லுறான். அவனை நம்பிக்கொண்டு இன்னும் எத்தினை வருசம் இருக்கிறது? நீரெண்டால் போடமாட்டீர் எண்டு தெரியும்."

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

வென்று தலைவரானேன். இப்போது நான் மனம் வைத்தால் போதும். வாசிகசாலை திறந்தேன், மதகு கட்டினேன், தெருவுக்குக் கிரவல் போட்டேன். சிரித்த அந்த ஐந்தாறு பேருக்குப் பயந்து, கூரையை மட்டும் போடவில்லை.