வலப்பக்கம் மட்டும்

முகத்தில் பாதியை மறைக்கத் தெரிந்தவன்தான் போட்டோகிராபர் என்று நான் திமிராகப் பேசித் திரிந்த காலம் அது. ஏற்காடு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், மாடியில் என் ஸ்டூடியோ. வருகிறவர்களை உட்காரவைத்து, "தாடையே காணோமே, இதை நான் எங்கே போய்த் தேடுவேன்?" என்று முகத்துக்கு நேராகவே கேட்பேன். அவர்களும் சிரித்துவைப்பார்கள். அவசரத்துக்குப் படம் வேண்டுமே.

பக்கவாட்டு முகம் எடுப்பதில் எனக்கு அப்போது பித்து. ஆரம்பத்தில் என் படங்களில் மூக்கு சட்டத்தின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். மூக்குக்கு முன்னால் இடம் விட வேண்டும் என்பதே ஏழெட்டுப் பேர் படத்தைக் கெடுத்த பிறகுதான் புரிந்தது. விளக்கை என் பக்கமிருந்து அடித்தால் கன்னம் தோசை மாதிரித் தட்டையாகிவிடும். அதையே முகத்துக்கு அந்தப்புறம், சற்றுப் பின்னால் தள்ளி வைத்தால் நெற்றி, மூக்கு, உதடு என்று ஒரே கோடாக வெளிச்சம் இறங்கும். இந்தப்புறக் கன்னத்தின் இருட்டைக் குறைக்க, வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் ஒரு தெர்மாகோல் அட்டை போதும்.

வாழவந்தியிலிருந்து ஒரு பெண் அண்ணனோடு வந்தாள். இருவருக்கும் காப்பி எஸ்டேட்டில் வேலை. கல்யாணத்துக்குப் படம் வேண்டும். சின்ன வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டியதில் அவளுடைய இடக்கன்னம் காதிலிருந்து தாடைவரை சுருங்கியிருந்தது.

"ஏனுங்க, நேரா எடுங்க. தழும்பு நல்லாத் தெரியோணும்," என்றாள். "ரெண்டு ஊட்டுக்காரங்க வந்து பாத்துட்டுக் கை நனைக்காமப் போயிட்டாங்க. இனித் தெரிஞ்சு வர்றவங்க வந்தாப் போதுங்க."

பெண் பிடிக்கவில்லை என்றால் அந்த வீட்டில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு முறை அதைப் பார்த்தவள் அவள்.

நேராக ஒன்று ஏனோதானோவென்று எடுத்தேன். பிறகு, "சும்மா இன்னொண்ணு" என்று அவள் தாடையைப் பிடித்து, வலக்கன்னம் மட்டும் தெரியும்படி திருப்பினேன். விளக்கொளி முழுக்கத் தழும்பின்மேல்தான் விழுந்தது. கேமராவுக்குக் கிடைத்தது அதன் விளிம்பு வெளிச்சம் மட்டும். கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் மின்னியது. அப்படி ஒரு படத்தை நான் அதுவரை எடுத்ததில்லை.

அவள் முதலில் படியிறங்கியதும் அண்ணனை நிறுத்தினேன். "நேரா எடுத்ததைக் காட்டினா ஒருத்தனும் வரமாட்டான். இதை அனுப்புங்க."

"உள்ளதைக் காட்டோணும்னு தங்கச்சி சொல்லுதுங்களே," என்று தயங்கினான்.

"வந்து பேசினா தழும்பு பெருசாத் தெரியாது," என்று பெரிய மனுஷன் தோரணையில் சொல்லி, அந்த ஒரு படத்தை மட்டும் அவன் போனுக்கு அனுப்பிவைத்தேன். அவள் கல்யாணத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. என் படத்தை நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் குப்பனூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் பெண் பார்க்கப் போனார்கள். நடந்ததைப் பத்து நாள் கழித்து அவளே தனியாக வந்து சொன்னாள்.

"மாப்பிள்ளையோட அம்மா எந் தாடையப் புடிச்சுத் திருப்பிப் பாத்தாங்க. போன்ல இருந்த படத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. ஏமாத்துக்காரக் குடும்பம்னு வாசல்ல நின்னு கத்திட்டுப் போயிட்டாங்க. மொத ரெண்டு தடவ அழகில்லைன்னுதானுங்க போனாங்க. இப்ப நான் பொய்க்காரி."

"உன் நல்லதுக்குத்தான் அம்மணி..." என்று ஏதோ உளறினேன்.

"அந்தப் படத்தை அழிச்சுப்போடுங்க," என்றாள்.

அவள் பார்க்கவே கம்ப்யூட்டரில் அழித்தேன். மெமரி கார்டில் அதே படம் இருந்ததைச் சொல்லவில்லை. அவள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். திட்டியிருக்கலாம். அந்தக் கும்பிடு இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. உறுத்தினாலும் படத்தை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்து சிலர் என்னிடம் போட்டோ கற்றுக்கொள்ள வருகிறார்கள். பக்கவாட்டு முகத்துக்கு வெளிச்சம் வைப்பது எப்படி என்று கேட்டால் அந்தப் படத்தைத்தான் திரையில் போடுகிறேன். போன வாரம் ஒரு மாணவி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க அந்தப் பக்கம் எப்படி இருப்பாங்க சார்?" என்று கேட்டாள்.

"இதே மாதிரிதான்," என்றேன்.