ஈயத்தின் காமா கோடு

நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்ன அன்றே ஆய்வகக் கதவு எனக்கு மூடிவிட்டது. கோவையில் ஒரு கல்லூரியின் கீழ்த்தள அறை அது. மெழுகுக் கட்டிகள் அடுக்கிய தொட்டிக்குள் சிறியதொரு நியூட்ரான் மூலம், எதிரே நான் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஈயத் தகடு, பக்கத்தில் டிடெக்டர். நியூட்ரான் முட்டியதும் ஈயத்தின் அணுக்கரு ஒரு கணம் கிளர்ந்தெழும். அடங்கும்போது காமா கதிர் ஒன்றை விடும். அந்தக் கதிர்களை எண்ணுவதுதான் என் முனைவர் பட்ட வேலை.

“கொழந்தை பொறக்கற வரைக்கும் இந்தப் பக்கமே வரக்கூடாது அம்மணி,” என்றார் அவர்.

“அப்ப என்ற அளவெல்லாம் யாருங்க மேடம் எடுக்கறது?”

“நா எடுத்து அனுப்பறேன். நீ ஊட்டுல உக்காந்து கணக்கப் பாரு.”

துடியலூர் வீட்டில் அந்த மாதங்கள் பாதித் தூக்கமாகவே கழிந்தன. மதியம் மூன்று மணிவாக்கில் போனில் வரைபடம் வரும். மேட்டுப்பாளையம் ரோட்டுப் பஸ்களின் இரைச்சல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலிருக்கும். திரையில் சரிந்து இறங்கும் குன்று. அதன் கடைக்கோடியில் தனித்து நிற்கும் ஒரு கூம்பு. ஈயம் விடும் கதிர்கள் குவியும் இடம் அது; அதைத்தான் ஈயத்தின் கோடு என்போம். பார்த்தபடியே கண் அயர்வேன். அந்தக் குன்றின் மேல் வெறுங்காலோடு நடப்பேன். பிள்ளை வயிற்றில் புரண்டதும் விழித்துக்கொள்வேன்.

பம்பு கம்பெனியிலிருந்து திரும்பும் கணவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்.

“இதுல என்ன அம்மணி தெரியுது?”

“முட்டுனா ஈயம் என்ன பண்ணுதுன்னு தெரியுதுங்க.”

அவர் தலையாட்டிவிட்டு டீ போடப் போய்விடுவார்.

ஏழாம் மாதத்தில் அந்தக் கூம்பு திடீரென்று உயர்ந்தது. என் கணக்கு சொன்னதைவிட அதிகம். இரண்டு வாரம் பிழை தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு மதியம், தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில், அந்த அறையை மனதுக்குள் சுற்றிவந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. பேராசிரியரை அழைத்தேன்.

“டிடெக்டர் பழைய எடத்துலதானுங்க இருக்குது?”

“அந்த மேசை ஆடுச்சு கண்ணு. கருங்கல் மேடைக்கு மாத்திப்போட்டேன். ஏன்?”

கருங்கல்லில் துளியளவு தோரியம் உண்டு. அது படிப்படியாகச் சிதைந்து கடைசியில் ஈயமாகும். அப்படி ஈயமாகும்போது, நியூட்ரான் முட்டிய ஈயம் விடும் அதே கதிரை விடும். யாரும் முட்டாமலேயே அந்த மேடை எங்கள் எண்ணிக்கையில் கலந்துகொண்டிருந்தது.

“மேடம், மூலத்தை எடுத்துட்டு மூணு நாள் சும்மா எண்ணிப் பாக்கறீங்களா?”

எண்ணினார். அந்த வெறும் வரைபடத்திலும் கூம்பு சன்னமாக நின்றது. அதைக் கழித்ததும் என் கணக்கு பொருந்தியது. அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை.

மகள் பிறந்து நான்கு மாதம் கழித்து ஆய்வகத்துக்குப் போனேன். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடினேன்.

பேராசிரியர் கவனித்துவிட்டார். “கவுண்ட் அது பாட்டுக்கு ஓடட்டும். நீ ஊட்டுக்குப் போ.”

“நாளைக்கு வாரனுங்க மேடம்,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.