வெள்ளை ஸ்டிக்கருக்கு அடியில்

தண்டபாணி அண்ணா போய்விட்டாராம்.

காலையில் பூஜை முடித்து போனை எடுத்தால் மகளின் மெசேஜ்... “அம்மா, காமிக்ஸ் அண்ணா தவறிட்டாரு.”

ஆர்.எஸ்.புரத்தில் மாடிப்படிக்குக் கீழே வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தாரே, அவர்தான். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் காமிக்ஸ் எடுத்தது அங்கேதான்.

எப்போதும் கறுப்புச் சட்டை. கடையில் ஒரு சாமி படம் கிடையாது. பெயர் மட்டும் தண்டபாணி... கேட்டால், “எங்கப்பா வெச்சாருங்க. அப்ப நான் தூங்கிட்டு இருந்தேன்” என்பார்.

நான் பத்தாவதோடு நின்றவள். அவிநாசியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து, மகள் ஸ்கூல் போன பிறகு, அவளுக்கென்று எடுத்து வந்த இங்கிலீஷ் காமிக்ஸை நானே படிக்க ஆரம்பித்தேன். படத்தைப் பார்த்தால் பாதி புரியும். மீதிக்கு டிக்‌ஷனரி.

வீட்டுக் கணக்கில் அந்த வாடகையை ‘படிப்பு’ என்று எழுதுவேன். யாருடைய படிப்பு என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் அவர் படித்துவிடுவார். கூடாத சொல் ஏதாவது இருந்தால், விலை ஒட்டுகிற சின்ன வெள்ளை ஸ்டிக்கரை அளவாக வெட்டி அதன்மேல் ஒட்டிவிடுவார். அதற்கப்புறம்தான் வாடகைக்கு.

எது கூடாத சொல் என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை. தமிழ் காமிக்ஸில் நாய், பன்றி, எருமை எல்லாம் அப்படியே இருக்கும்.

“எருமை கெட்ட வார்த்தைங்களா அம்மணி? உங்க ஊட்டுக்குப் பால் குடுக்கறதே அதுதானுங்களே.”

சில புத்தகங்களில் வில்லன் திட்டும்போது எழுத்துக்குப் பதில் சுருள், நட்சத்திரம், மண்டையோடு என்று வரும். அது என்னங்கண்ணா என்றேன்.

“அது அந்த நாட்டுக்காரன் ஒட்டுன ஸ்டிக்கருங்க.”

ஒரு நாள் எங்கள் வீட்டுக்காரர் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டார். துப்பாக்கியோடு ஒருத்தன் கத்துகிறான். அவன் பேச்சில் ஒரு வெள்ளைக் கட்டம்.

“ஒட்டி மறைக்கற அளவுக்கு என்ன எழவு இருக்குது இதுல? புள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம். நாளைக்கே அந்தக் கடை மெம்பர் கார்டைக் குடுத்துப்போட்டு வந்துரு.”

அவர் சொன்ன ‘எழவு’க்கு ஸ்டிக்கர் ஒட்ட ஆளில்லை.

கார்டு போனால் என் இங்கிலீஷும் போச்சு. அதை வாய்விட்டுச் சொல்லவும் கூச்சம்.

அதற்கு நடுவிலும் எனக்கு அந்தக் கட்டத்தின் மேலேயே கண். ஸ்டிக்கருக்கு அடுத்து ‘டேம் யூ’ என்று இருந்தது. நாசமாய்ப் போ என்கிற மாதிரி அர்த்தம் போட்டிருந்தது டிக்‌ஷனரியில். அதையே மறைக்காமல் விட்ட மனுஷன்... அதைவிட மோசமாக எதை மறைத்திருப்பார்?

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கத்துக் குதிரைதான் தெரிந்தது. அப்புறம் இட்லிப் பானை ஆவியில் காட்டினேன். ஓரம் கிளம்பியது. மெதுவாக உரித்தேன்.

‘காட்’. கடவுள். அவ்வளவுதான்.

அப்பாடா என்று வீட்டுக்காரரிடம் காட்டினால், கோபம் இன்னும் ஏறிவிட்டது. “சாமி பேரு கண்ணுலயே படக் கூடாதுன்னு ஒட்டிருக்கான் பாரு.” அப்போதே வண்டியை எடுத்துவிட்டார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கடையில் போய் நின்றபோது, கோபத்திலும் அவர் பேச்சில் மரியாதை குறையவில்லை. “ஏனுங்க, சாமி பேரு உங்களுக்குக் கெட்ட வார்த்தையாப் போச்சுங்களா?”

அண்ணா புத்தகத்தை வாங்கி, உரித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“எனக்கு அது வெறும் வார்த்தைங்க. அம்மணிக்கு அப்படி இல்லீங்களே, நெத்தி நெறையத் திருநீறு வெச்சுட்டு வர்றாங்க. அவங்க கும்புடற பேரைச் சொல்லி ஒருத்தன் நாசமாப் போன்னு கத்தறான்... அதை அவங்க எதுக்குங்க படிக்கோணும்?”

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். “நீயா படிக்கறே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணா, “பாப்பா படிச்சா பக்கமெல்லாம் மஞ்சக் கறை ஆகாதுங்களே” என்றார்.

அப்புறம் ஒரு புது ஸ்டிக்கரை வெட்டி, அதே இடத்தில் ஒட்டி, புத்தகத்தை என்னிடமே கொடுத்தார்.

கார்டைப் பற்றி வீட்டுக்காரர் அதன் பிறகு பேசவே இல்லை. வழியில் சிக்னலில் நிற்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார். “அப்ப இங்கிலீஷ்ல வந்த அந்த பேங்க் லெட்டரை நீயே படிச்சுச் சொல்லியிருக்கலாமே?”

ஆயுத பூஜைக்குப் பொரி கொண்டுபோய்க் கொடுப்பேன். “திருநீறு பொட்டலத்தை மட்டும் எடுத்துக்குங்க அம்மணி. பொரி எந்தக் கட்சியும் இல்லீங்க” என்று கை நிறைய அள்ளிக்கொள்வார்.

கடையை மூடும்போது அந்தப் புத்தகத்தை எனக்கே கொடுத்துவிட்டார். இப்போது மடியில்தான் இருக்கிறது. ஸ்டிக்கர் பழுத்துப்போய்விட்டது, ஆனால் ஒட்டு விடவில்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. எல்லாருடைய புத்தகத்திலும் இப்படித்தான் ஒட்டினாரா, இல்லை ஆளைப் பார்த்து ஒட்டினாரா? அவரிடம் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள்... அவரையே கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

என் பதிவுகளை எப்போதும் எங்கள் ஊர்ச் சாமி பேரைப் போட்டு ‘துணை’ என்றுதான் முடிப்பேன். இன்றும் கை தானாக எழுதிவிட்டது. எழுதிவிட்டுப் பார்த்தேன்... அண்ணா கும்பிடாத பேர்.

போய் வாங்கண்ணா.

⬜ துணை.