புதினாக்காவின் ஃபிளாஸ்க்

ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் பட்டறையில் அவளுக்குப் பெயர் புதினாக்கா. சமையலறை ஜன்னலில், பழைய பெயிண்ட் வாளியில் புதினா வளர்த்தாள். காலையில் கொழுந்தாகக் கிள்ளி, அலசி, கையாலேயே லேசாகக் கசக்கி, கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கியபின் அதில் போட்டு மூடிவைப்பாள். இலையையும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும் என்பது அவள் கட்சி. வடிகட்டி ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு கிளம்புவாள். இருவருக்கும் ஒரே மேசையில் வேலை.

பசை அறையில் ஜன்னல் உண்டு; திறக்கக் கூடாது. தூசி பட்டால் ஒட்டு நிற்காதாம். ஷூவின் ஒட்டுக்கு இருந்த மரியாதை மனிதரின் மூச்சுக்கு இல்லை. மதியத்துக்குள் தலை கிறுகிறுக்கும், குமட்டும். நாத்தனாருக்கென்று கொண்டுபோன புதினா டீ பக்கத்து மேசைக்குப் போனது, எதிர் மேசைக்கும் போனது. அக்கா கைராசி என்றார்கள். ராசியாவது மண்ணாவது, சுடுதண்ணீரும் இலையும்தான்.

நெடியை வெளியே தள்ள ஒரு ஃபேன் வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து மேனேஜரிடம் போனபோது அவர் சிரித்தார். ஃபேன் எதுக்கு, அதான் அக்கா டீ இருக்கே என்றார். சீக்கிரமே பட்டறைச் செலவில் பெரிய ஃபிளாஸ்க் வந்தது. டீ குடிக்க இடைவேளையும் வந்தது. எல்லோருக்கும் மனம் குளிர்ந்துவிட்டது. ஃபேன் பேச்சு அதோடு செத்தது. ஒரு கைப்பிடி இலையால் ஓர் அறையின் வாயையே அடைக்கலாம் என்பது அதற்குமுன் முதலாளிக்கே தெரிந்திருக்காது.

நாத்தனாருக்குச் சட்டைப் பித்தான் போடவே கை தடுமாறத் தொடங்கியது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. பசை ஆவி விரல் நரம்பைத் தின்கிறது, அந்தக் காற்றைவிட்டு விலகாவிட்டால் கை உதவாமல் போகும் என்றார். இருவர் சம்பளத்தில் ஓடுகிற வீட்டில் ஒருத்தி எப்படி விலகுவாள்? புதினாக்கா மேசை மேசையாகப் போய், இது குமட்டலை அடக்கும், நரம்பைக் காப்பாற்றாது, ஃபேனைக் கேளுங்கள் என்று கெஞ்சினாள். டீ போடுறவளே டீயைக் குறை சொல்றா பாரு என்று சிரித்தார்கள். நாத்தனாரும் சேர்ந்து சிரித்தாள். குடித்தால் தலை லேசாகிறதே, அது போதாதா என்றாள்.

ஒருநாள் இடைவேளையில் டீ ஆவி பறந்தது. எல்லோரும் டம்ளரில் துணி சுற்றிப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் மட்டும் வெறும் விரல்களால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"என்ன அண்ணி, ஆறின டீயைக் கொண்டுவந்துட்டீங்க?"

புதினாக்கா டம்ளரைப் பிடுங்கினாள். அவள் கை சுட்டது. நாத்தனாரின் விரல்கள் கன்றிச் சிவந்திருந்தன.

"வலிக்கலையாடி?"

"எது?"

மறுநாள் புதினாக்கா ஃபிளாஸ்க் கொண்டுவரவில்லை. மதியத்துக்குள் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். மற்றவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு அவளைத் திட்டினார்கள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். மேனேஜரைத் திட்ட ஒரு வாயும் திறக்கவில்லை. கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த நாத்தனார், அத்தனை பேர் தவிக்கும்போது அண்ணிக்கு என்ன வீம்பு என்று முணுமுணுத்தாள்.

மேனேஜர் வந்து டீ எங்கே என்று கேட்டார்.

"டீ இல்லைங்க. ஃபேன் மாட்டுங்க."

"அப்போ நாளையிலிருந்து உனக்கு வேலையும் இல்லை."

வெளியே வந்து திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்று மூச்சு வாங்கியவர்கள் வெளியேயும் வரவில்லை, அவளைக் கூப்பிடவும் இல்லை. சற்றுப் பொறுத்து நாத்தனார் மட்டும் வந்தாள். செருப்பு வாரை மாட்ட முடியாமல் திண்டாடினாள். புதினாக்கா குனிந்து மாட்டிவிட்டாள்.

"தலை வெடிக்குது அண்ணி. வீட்டுக்குப் போனதும் கொஞ்சம் டீ போட்டுத் தருவீங்களா?"

"தரேன். டம்ளரை நான் பிடிச்சுக்கறேன், நீ குடி."