ஒரே ஜாடியில் இரண்டு வீட்டு மாத்திரை

மாத்திரைக்கு வாசனை கிடையாது. ஆனாலும் இன்றைக்கு எங்காவது ஒரு தகர டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டால் போதும். செம்மண் புழுதியும், சைக்கிள் சங்கிலி எண்ணெயும், காலை வெயிலில் காயும் கடலைச் செடியும் ஒன்றாய்க் கலந்து என் மூக்கில் ஏறிவிடும். ஊர் ஊராக மாறிப் பிழைத்தவன் நான். எந்த வேலையிலும் கால் தரித்ததில்லை. தரித்தது அந்த ஒரு வேலையில்தான். அதுவும் மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், மற்ற வருஷங்களை மூட்டையாய்க் கட்டி அவர் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அறுபதுகளின் தொடக்கம். எங்கள் பக்கமெல்லாம் அப்போது திருச்சி ஜில்லா. இலுப்பூரில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து, தொழுநோய் ஆய்வுக்கு ஒரு நிலையம் வைத்திருந்தார்கள். நோய் கண்ட ஒருவர் இருக்கிற கூரையின் கீழ், நோய் இன்னும் தொடாத பிள்ளைகளுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுத்தால் அது வராமல் தடுக்க முடியுமா? அதுதான் கேள்வி. விடை தெரிய வேண்டுமானால் பாதி வீடுகளுக்கு மருந்து கொடுக்க வேண்டும். மறுபாதிக்கு அதே நிறத்தில், அதே அளவில், அதே கசப்பில் வெறும் மாவு மாத்திரை. எந்த வீட்டுக்கு எது என்று சைக்கிளில் கொண்டுபோகிற எனக்குத் தெரியாது. எங்கள் டாக்டருக்கும் தெரியாது. மெட்ராஸில் ஒரு பீரோவுக்குள் பூட்டியிருந்த காகிதத்துக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு டப்பா. பதினைந்து நாளைக்கு ஒருமுறை நான் போய் நிரப்ப வேண்டும். நோயின் முதல் குறியான தேமல் பிள்ளைகளின் தோலில் புதிதாய் விழுந்திருக்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

அன்னவாசலுக்குத் தெற்கே ஒரு வீடு. அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், ஒரே கூரை. அண்ணனுக்குத்தான் நோய். இரண்டு விரல் மடங்கியிருக்கும். அந்தக் கையாலேயே ஏர் பிடிப்பார். தம்பி லாரியில் மூட்டை ஏற்றப் போனால் வாரத்துக்கு ஒருநாள் வருவார். அண்ணன் மனைவியைப் பெரியக்கா என்றும் தம்பி மனைவியைச் சின்னக்கா என்றும் நான் கூப்பிடுவேன். பெரியக்காவுக்கு ஐந்து பிள்ளைகள், சின்னக்காவுக்கு இரண்டு. நோய் இன்னதென்று தெரிந்த வாரமே சின்னக்கா கொல்லைப்பக்கம் தனி அடுப்பு மூட்டிவிட்டார். தனிக் குடம், தனி உப்புச் சட்டி. எங்கள் கணக்கில் ஓர் அடுப்பு என்றால் ஒரு வீடு. ஆகவே அந்த ஒரு கூரைக்குள் இரண்டு எண், இரண்டு டப்பா.

ஒருநாள் டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தேன். சின்னக்கா நாலு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பி, ஒன்னு கேட்டா உண்மையச் சொல்லுவீங்களா? இதத் தின்னா எம் புள்ளைக்கு அது வராதுல்ல?"

மாவைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது நிலையத்தின் உத்தரவு. என் வாய் உத்தரவைக் கேட்கிற வாய் இல்லை.

"தெரியலக்கா. சில டப்பாவுல மருந்து. சில டப்பாவுல வெறும் மாவு. ஒங்களுக்கு வந்தது எதுன்னு எனக்கே தெரியாது."

உள்ளேயிருந்து பெரியக்கா சிரித்துக்கொண்டே வந்தார். "அதெப்படி தம்பி, குடுக்குற மனுசனுக்கே தெரியாதா? சீனிய நிறுத்துக் குடுத்துட்டு, இது சீனியா உப்பான்னு எனக்குத் தெரியாதுன்னு கடைக்காரரு சொன்னா விடுவோமா?"

"நாக்குல வச்சுப் பாத்துட்டேன்க்கா. எல்லாம் ஒரே கசப்பு. மாவுலயும் கசப்பச் சேத்துருக்காங்க."

"அடி ஆத்தீ! மாவக் குடுக்குறதுக்கு இம்புட்டு மெனக்கெடா?"

பெரியக்கா சிரித்தார். சின்னக்கா சிரிக்கவில்லை. மகளின் தலையைத் தோளோடு அழுத்திக்கொண்டு, என் கையிலிருந்த டப்பாவையும் பெரியக்காவின் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுத்த முறை போனபோது டப்பாவைத் திறந்தேன். கடுகு இருந்தது. இன்னொன்றைத் திறந்தேன். அதில் ஊசியும் நூல்கண்டும்.

"மாத்திரை எங்கக்கா?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியக்கா மாடத்திலிருந்து ஒரு பீங்கான் ஜாடியை எடுத்து வந்தார். ஊறுகாய் போட்டுக் கழுவிய ஜாடி. கழுத்துவரை மாத்திரை.

"ரெண்டையும் இதுல கொட்டிட்டோம் தம்பி. நல்லாக் குலுக்கியாச்சு," என்றார். "எம் புருசன் சீக்கு. என் டப்பாவுல மருந்தும் இவ டப்பாவுல மாவுமா இருந்து, நாளைக்கு இவ புள்ளைக்கு ஒரு தேமல் விழுந்துச்சுன்னா, நான் இந்த வீட்டுக்குள்ள எப்படி நடமாடுறது?"

"இப்ப எல்லாப் புள்ளைக்கும் பாதிக்குப் பாதி போயிரும்ல?" என்றார் சின்னக்கா. ஏதோ நான் கொடுத்த கணக்கை அவர் போட்டு முடித்துவிட்டது போல.

"ரெண்டுமே மாவா இருந்தா?" என்றேன்.

"இருந்துட்டுப் போகுது. ஏழும் ஒன்னா மாவத் தின்னதா இருக்கட்டும்," என்றார் அவரே.

ஆய்வு என்றால் என்ன என்று தெரிந்த எவரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். நானும் உட்கார்ந்தேன். ஆனால் உட்கார்ந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கொல்லை அடுப்பில் சாம்பல் கூட இல்லை, கோழி படுத்திருந்தது. ஒரே அடுப்பில் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. எட்டு மாதம் தனித்தனிக் குடத்தில் தண்ணீர் குடித்தவர்கள், முதலில் ஒன்றாகப் போட்டது மாத்திரையை. பிறகுதான் சோற்றை.

நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஏழு பிள்ளைகளுக்கும் மாத்திரை தொடர்ந்து போகும். ஆனால் நோட்டில் அந்த ஏழு வரியும் பொய்யாகிவிடும். அந்தப் பொய் மெட்ராஸ் போய், மற்ற வரிகளோடு கூடி, இந்த மருந்து பலிக்கும் என்றோ பலிக்காது என்றோ தப்பாய்ச் சொல்லிவிட்டால், நான் முகம் பார்க்காத எத்தனை பிள்ளைகள் அதை நம்பி இருப்பார்கள்? சொன்னால் இந்த ஏழுக்கும் மாத்திரை நின்றுபோகும். அன்னவாசல் ரோட்டில் அன்றைக்கு நான் சைக்கிளை மிதிக்கவில்லை. உருட்டிக்கொண்டே நடந்தேன்.

சொன்னேன். மாவைப் பற்றி வாய்விட்டதையும் சேர்த்துத்தான் சொன்னேன். டாக்டர் மெலிந்த மனிதர். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். வெகுநேரம் துடைத்தார்.

"நீ சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது, இல்லையா?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

"அப்புறம் ஏன் சொன்னே?"

நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன். அவர் சிவப்பு மையால் இரண்டு எண்களையும் அடித்தார். மெட்ராஸுக்கு எழுதுவதாகவும், பதில் வரும்வரை அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார்.

ஜாடியைத் திருப்பி வாங்கப் போனது நான்தான். பெரியக்கா ஜாடியை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சின்னக்கா பேசினார்.

"மாவுன்னு சொன்னதும் நீங்க. போயிச் சொல்லிக் குடுத்ததும் நீங்க. ஏதாவது ஒன்னுல வாய மூடிக்கிட்டு இருந்துருக்கலாம்ல தம்பி?"

இருபது வருஷமாய் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாதம் பதில் வரவில்லை. ஆனாலும் நான் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன்; அண்ணனான பெரியவருக்கு நோய்க்கான மாத்திரை கொடுக்க வேண்டுமே. அது ஆய்வு இல்லை, சிகிச்சை. ஒருநாள் அவர் காதுமடல் தடித்துப் பளபளத்தது. புருவத்திலும் ஒரு மினுமினுப்பு. அடங்கிக்கொண்டு வந்த நோய் மறுபடி தலை தூக்குகிறது.

"அண்ணே, மாத்திரை ஒழுங்காச் சாப்புடுறீகளா?"

"சாப்புடாம என்ன." பார்வை மாட்டின் மேல் இருந்தது.

சின்னக்காவின் மகள் என் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டிருந்தாள். அடித்துக்கொண்டே, "பெரியப்பா எங்களுக்குத் தருவாரே," என்றாள். "வரப்புல வச்சுப் பிச்சுப் பிச்சுத் தருவாரே. கசக்கும்."

அவர் மறைக்கப் பார்க்கவில்லை. மடங்காத விரல்களால் கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"என் டப்பாவுல மாவு இல்லையே தம்பி? சுத்தமான மருந்துதான?"

"மருந்துதாண்ணே. ஆனா..."

"அம்புட்டுத்தான். எனக்கு வந்தது வந்துருச்சு. எங்கிட்டருந்துதான அதுகளுக்குப் போகணும்? அப்ப மருந்தும் எங்கிட்டருந்தே போகட்டும்."

திரும்பி சைக்கிளை எடுத்தேன். இலுப்பூர் வரை எங்கும் காலை ஊன்றவில்லை.

டாக்டர் இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை. "பெரியவங்க மாத்திரையைப் பிச்சு நாலு வயசுக் குழந்தைக்கா?" என்று எழுந்துவிட்டார். அலமாரியைத் திறந்தபடி, என்னைப் பார்க்காமலே பேசினார். "மெட்ராஸ் எப்ப எழுதுமோ எழுதட்டும். அந்த ஏழு பேரையும் ஆய்வுலேருந்து நான் அடிச்சாச்சு. அடிச்சப்புறம் அவங்க யாரு? என் நோயாளியோட வீட்டுப் பிள்ளைங்க. ஜீப்பை எடுக்கச் சொல்லு."

ஜீப் போய் நின்றதும் தெருவே கூடிவிட்டது. டாக்டர் ஏழு பேரையும் சட்டையைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்தில் நிறுத்தி, முதுகு, கை, தொடை என்று பார்த்தார். தேமல் எதுவும் இல்லை. வயதுக்குத் தக்கபடி பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிக் கொடுத்தார்.

"இது மருந்து. மாவு இல்லை. இது நோயைத் தடுக்குமான்னு எனக்கு இன்னும் தெரியாது. ஆனா இந்த மனுஷர் தன் மாத்திரையைத் தானே சாப்பிட்டா இந்த வீட்ல நோய் குறையும். அது தெரியும்."

பெரியவர் தலையாட்டினார். பெரியக்காவுக்கு அந்தத் தலையாட்டல் போதவில்லை.

"இவரு தலையாட்டுவாருங்க ஐயா. நாக்குக்கு அடியில ஒதுக்கி வச்சுக்கிட்டு, வயலுக்குப் போயித் துப்பி எடுத்துருவாரு. எனக்குத் தெரியும்."

"அப்ப இங்கயே முழுங்கச் சொல்லுங்க," என்றார் சின்னக்கா. எட்டு மாதம் அந்த மனிதர் தொட்ட செம்பைத் தொடாதவர், தானே குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு அவர் கையில் கொடுத்தார். அவர் விரல் பட்டபோதும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அண்ணாந்து குடித்தார்.

"ஆங், தெறங்க," என்றார் பெரியக்கா.

ஊர் முன்னால், டாக்டர் முன்னால், அந்த ஆறடி மனிதர் வாயைத் திறந்தார். ஏழு பிள்ளைகளும் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். ஒருவன், நாக்கைத் தூக்கச் சொன்னான். தூக்கினார். சின்னக்காவின் மகள் எட்டாமல் அவர் தொடையைப் பிடித்து ஏறி, வாய்க்குள்ளேயே தலையை விடுகிற மாதிரி பார்த்துவிட்டு, தெருவுக்குக் கேட்கிறாற்போலச் சொன்னாள்:

"முழுங்கிட்டாரு!"